எழுதாத ஞானியும் எழுத்தறியாச் சிறுவனும்

ஒரு வரியும் எழுதி வைக்காமல் உலகப் புகழ் எய்திய மெய்யியலாளர் ஒருவர் உண்டெனில், அவர் கிரேக்க நாட்டு ஏதென்ஸ் நகரத்துச் சாக்ரடீஸே ஆவார். தமிழ் பயின்ற மாணவர் எவரும் அவர் பெயரை அறியாதிரார். நச்சுக் கிண்ணத்தை நடுங்காக் கையில் ஏந்திய முதியவர். அவைக்களம் அதிர முழங்கிய நாவலர். இளைஞர்க்கு அறிவொளி ஏற்றிய பகுத்தறிவாளர். இவ்வாறான ஓர் உருவம் நம் உள்ளத்தில் ஆழப் பதிந்துள்ளது. நெகிரி செம்பிலான் மாநிலத்தில் லிங்கி, லாபு, ரந்தாவ், பகாவ் வட்டாரங்களில் பரந்து கிடந்த ரப்பர்த் தோட்டங்களிலும், பால்மரக் காட்டுக்கு நடுவே அமைந்த சிறு பள்ளிகளிலும் இவ்வுருவமே அறிமுகமாயிற்று. இவ்வுருவம் பொய்யென்று கூறுதற்கில்லை. ஆனால் இது பாதி உருவமே. மற்றப் பாதி எது, அது நம் கைக்கு வந்து சேராமற் போனது ஏன் என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

சாக்ரடீஸ் பிறந்தது கி.மு. 469ஆம் ஆண்டளவில். தந்தை சொப்ரோனிஸ்கஸ் கல்தச்சர். தாய் பைனரெட்டி மருத்துவச்சி. தாயின் தொழிலையே தாமும் செய்வதாகச் சாக்ரடீஸ் பிற்காலத்தில் நகைச்சுவையாகக் கூறுவதுண்டு. மருத்துவச்சி பிள்ளையைப் பெறுவதில்லை, பெறுபவளுக்குத் துணை நிற்கிறாள். அவ்வாறே தாம் அறிவைக் கொடுப்பதில்லை, பிறர் உள்ளத்திலிருந்து அது வெளிப்படத் துணை செய்வதாகச் சொல்வார். செல்வர் அல்லர். காலணியின்றி, பழைய மேலாடை ஒன்றுடன் சந்தைத் திடலிலும் உடற்பயிற்சிக் கூடங்களிலும் திரிந்தார். அக்காலத்தில் சொல்வன்மை கற்பித்துப் பெரும்பொருள் ஈட்டிய சோபிஸ்டுகள் என்னும் ஆசிரியர் கூட்டம் ஒன்று இருந்தது. சாக்ரடீஸ் எவரிடமும் கட்டணம் பெற்றவரல்லர். அதனால் அவர் மனைவி சாந்திப்பி பட்ட பாட்டைப் பற்றிக் கதைகள் பல உண்டு. அவளைச் சினமே உருவான பெண்ணாகக் காட்டும் அக்கதைகள் பெரும்பாலும் பிற்காலத்தார் கட்டியவை. மூன்று ஆண்மக்களை வைத்துக்கொண்டு, பொருளீட்டாத கணவருடன் குடும்பம் நடத்திய ஒருத்தியின் நிலையை எண்ணிப் பார்த்தவர் அக்கதைகளைச் சொல்லிச் சிரிக்க மாட்டார்.

போர்வீரராகவும் அவர் பணியாற்றினார். பொட்டிடேயா, டெலியம், அம்பிபோலிஸ் ஆகிய களங்களில் நின்றார். எனினும் அவருடைய உண்மையான ஆண்மை வெளிப்பட்டது களத்திலன்று. கி.மு. 406இல் அர்கினூசேக் கடற்போரில் ஏதென்ஸ் வெற்றி பெற்றது. ஆயினும் புயலினால் கடலில் தத்தளித்த தம் வீரரைப் படைத்தலைவர்கள் மீட்கவில்லை. சினங்கொண்ட மக்கள் அத்தலைவர் அனைவரையும் ஒரே வாக்கெடுப்பில் கொன்றுவிட வேண்டுமெனக் கூச்சலிட்டனர். ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும் என்பது சட்டம். அன்று அவையை நடத்தும் குழுவில் இருந்த சாக்ரடீஸ், அத்தீர்மானத்திற்கு உடன்பட மறுத்து நின்றார். இரண்டாண்டு கழித்து மக்களாட்சி வீழ்ந்து முப்பதின்மர் கொடுங்கோலாட்சி வந்தது. சலாமிஸ் தீவினரான லியோன் என்பவரைப் பிடித்து வருமாறு அவர்கள் சாக்ரடீஸுக்கும் வேறு நால்வருக்கும் ஆணையிட்டனர். நால்வர் சென்றனர், சாக்ரடீஸ் வீட்டுக்குப் போய்விட்டார். மக்கள் கூட்டத்துக்கும் அஞ்சவில்லை, கொடுங்கோலர்க்கும் அஞ்சவில்லை. இவ்விரு நிகழ்ச்சிகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவர் எக்கட்சியினர் என்ற வினாவே பொருந்தாது என்பது விளங்கும்.

மக்களாட்சி மீண்டபின், கி.மு. 399இல், மெலிட்டஸ், அனிட்டஸ், லைக்கன் என்னும் மூவர் அவர்மீது வழக்குத் தொடுத்தனர். நகரம் ஏற்ற தெய்வங்களை ஏற்காமை, புதிய தெய்வங்களைப் புகுத்தியமை, இளைஞரைக் கெடுத்தமை என்பன குற்றச்சாட்டுகள். நடுவர் ஏறத்தாழ 500 பேர். முப்பது பேர் மாறி வாக்களித்திருந்தால் விடுதலை கிடைத்திருக்கும் என்பது பிளேட்டோ தரும் கணக்கு. தண்டனை எதுவென்று தாமே முன்மொழியும் உரிமை ஏதென்ஸ் சட்டத்தில் குற்றவாளிக்கும் உண்டு. நாடு கடத்தலைக் கேட்டிருந்தால் பெரும்பாலும் கொடுத்திருப்பர். அவரோ, நகரத்துக்குத் தாம் செய்த நன்மைக்காகப் பொது மண்டபத்தில் தமக்கு வாழ்நாள் முழுதும் உணவளிப்பதே தகும் என்றார். பின்னர் நண்பர் வற்புறுத்த ஒரு தண்டத்தொகையைக் கூறினார். நடுவர் மரண தண்டனையே விதித்தனர். டெலோஸ் தீவுக்குச் சென்ற புனிதக் கப்பல் திரும்பும்வரை எவரையும் கொல்லலாகாது என்னும் வழக்கத்தால் அவர் ஏறத்தாழ ஒரு திங்கள் சிறையில் இருந்தார். தப்பிச் செல்ல எல்லா ஏற்பாடும் செய்து வந்து நின்ற நண்பர் கிரிட்டோவிடம், நாட்டின் சட்டத்தை எழுபது ஆண்டு ஏற்று வாழ்ந்தபின் இன்று மீறுவது முறையா என்று வினவி அவரைத் திருப்பி அனுப்பினார். பின்பு நஞ்சருந்தி மாண்டார்.

இவ்வளவும் நாம் அறிவது எவ்வாறு? அவர் எழுதவில்லை. அவரைப் பற்றி எழுதியவர்களுள் மூவர் தலையாயவர். அவர் உயிருடனிருந்த காலத்திலேயே, கி.மு. 423இல், அரிஸ்டோபனிஸ் என்னும் நகைச்சுவை நாடக ஆசிரியர் ‘முகில்கள்’ என்ற நாடகத்தில் அவரைக் கூடையில் அமர்ந்து வானத்தை ஆராயும் பித்தராகக் காட்டினார். போர்வீரரான செனபோன் தம் நினைவுக் குறிப்புகளில், நல்லறிவுரை கூறும் எளிய பெரியவராகக் காட்டினார். மாணவர் பிளேட்டோவோ முப்பதுக்கு மேற்பட்ட உரையாடல் நூல்களை இயற்றி, ‘சட்டங்கள்’ என்னும் முதுமைக்கால நூல் நீங்கலாக ஏனையவற்றில் தம் ஆசானை உலவவிட்டார். இம்மூவர் காட்டும் சாக்ரடீஸும் ஒருவர்போல் இல்லை. பிளேட்டோவின் தொடக்கக்கால நூல்களில் வினவிக்கொண்டே இருக்கும் சாக்ரடீஸ், பின்னைய நூல்களில் பிளேட்டோவின் கோட்பாடுகளை எடுத்துரைக்கும் வாயாகவே மாறுவதையும் அறிஞர் சுட்டியுள்ளனர். நம் சித்தர் பாடல்களில் எது எவருடையது என்ற சிக்கலை அறிந்த தமிழ் ஆசிரியர்க்கு இது புதிதன்று.

எழுதாமைக்கு அவர் கூறும் காரணமாகப் பிளேட்டோ ‘பீட்ரஸ்’ என்னும் நூலில் ஒரு பழங்கதையைத் தருகிறார். எழுத்தைக் கண்டுபிடித்த எகிப்தியத் தெய்வம் ஒன்று, அது நினைவாற்றலை வளர்க்கும் என்று கூறி அரசனிடம் காட்டிற்றாம். அரசனோ, எழுத்தை நம்பியவர் நினைவை இழப்பர். அறிவு பெறாமலே அறிவுடையவர்போல் தோன்றுவர் என்று மறுத்தானாம். அதனோடு சாக்ரடீஸ் சேர்த்துரைப்பது இன்னும் கூர்மையானது. எழுத்து ஓவியம் போன்றது. உயிருள்ளதுபோல் நிற்கும், வினவினால் வாய்திறவாது. ஒரு நூலை எத்தனை முறை கேட்டாலும் அது சொன்னதையே திரும்பச் சொல்லும். இக்கருத்தை நமக்கு எழுத்தில் தந்தவர் பிளேட்டோ என்பது வேடிக்கை. ஆனால் அவரும் தம் நூல்களை உரையாடலாகவே எழுதினார். இயன்றவரை எழுத்தைப் பேச வைத்தார்.

பிளேட்டோ கி.மு. 387ஆம் ஆண்டளவில் ஏதென்ஸ் நகர்ப்புறத்தில் ‘அகாதமி’ என்னும் பள்ளியை நிறுவினார். அரிஸ்டாட்டில் அங்கே இருபதாண்டு பயின்றார். கி.பி. 529இல் ஜஸ்டினியன் பேரரசன் ஏதென்ஸ் மெய்யியல் பள்ளிகளை ஒடுக்கியபின், கிரேக்க அறிவு கிழக்கே நகர்ந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் அரபு அறிஞர் அல்-கிந்தி சாக்ரடீஸைப் பற்றி எழுதினார். பின்னர் இத்தாலி நாட்டுப் பிசினோ பிளேட்டோவின் நூல்களை இலத்தீனாக்கினார். அவை 1484இல் அச்சேறின. ஆங்கிலத்தில் ஜோவெட் பெயர்ப்பு 1871இல் வந்தது. அவ்வாங்கில வழியாகவே சாக்ரடீஸ் இந்திய மொழிகளுக்குள் நுழைந்தார்.

கடல்கடந்த தமிழர் வாழ்வோடு சாக்ரடீஸ் முதன்முதல் தொடர்புற்றது மலாயாவிலன்று, தென்னாப்பிரிக்காவில். இச்செய்தி நம்மவர் பலர் கவனத்துக்கு வராதது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவருள் பெருந்தொகையினர் தமிழர். அவர்தம் உரிமைக்கும் பிற இந்தியர் உரிமைக்கும் போராடிய காந்தியடிகள், 1908இல் தம் ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில், நீதிமன்றத்தில் சாக்ரடீஸ் நிகழ்த்திய எதிருரையைக் குஜராத்தி மொழியில் சுருக்கித் தொடராக வெளியிட்டார். சாக்ரடீஸை ‘சத்திய வீரர்’ என்று அவர் அழைத்தார். அநீதியான ஆணைக்குப் பணிய மறுத்தல், மறுத்தற்குரிய தண்டனையை ஓடி ஒளியாமல் ஏற்றல் என்னும் இரண்டும் சாக்ரடீஸிடம் இணைந்திருந்ததை அவர் கண்டார். சத்தியாக்கிரகத்தின் இலக்கணமும் அதுவே அன்றோ? அச்சிறுநூலைப் பம்பாய் அரசாங்கம் 1910இல் தடை செய்தது. ஏதென்ஸ் நகரம் கொன்று இருபத்து மூன்று நூற்றாண்டு கழிந்த பின்னும் அந்த முதியவர் ஓர் அரசாங்கத்தை அச்சுறுத்தினார். 1913இல் நேட்டால் நிலக்கரிச் சுரங்கங்களிலும் தோட்டங்களிலும் வேலைநிறுத்தம் செய்து சிறை சென்றோருள் தமிழர் மிகப் பலர். அவர்கள் சாக்ரடீஸைப் படித்தவரல்லர்; ஆனால் அவரைப் படித்த ஒருவர் அவர்களோடு நடந்தார்.

தமிழில் கிரேக்கச் சிந்தனையை முறையாகக் கொணர்ந்த பெருமை வெ. சாமிநாத சர்மாவுக்கு உரியது. 1895இல் பிறந்து 1978இல் மறைந்த அவர், பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலை ‘அரசியல்’ என்னும் பெயரில் தமிழாக்கினார்; கிரேக்க நாட்டு வரலாற்றையும் எழுதினார். இரங்கூனில் ‘ஜோதி’ இதழை நடத்தி வந்தவர், 1942இல் சப்பானியர் படையெடுப்பின்போது பர்மாவிலிருந்து கால்நடையாகத் தாயகம் திரும்ப நேர்ந்தது. அதே போர்க்காலத்தில்தான் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் ஆயிரக்கணக்கில் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டு மாண்டனர் என்பதும் நினைக்கத்தக்கது. சர்மாவின் நூல்கள் படித்தவர் கையில் தவழ்ந்தன. லயத்து வீடுகளில் வாழ்ந்தோர்க்கு அவை எட்டவில்லை.

அவர்களுக்குச் சாக்ரடீஸ் திரைவழியாக வந்தார். 1956இல் வெளிவந்த ‘ராஜா ராணி’ என்னும் படத்தில் மு. கருணாநிதி எழுதிய சாக்ரடீஸ் நாடகம் இடம்பெற்றது. சிவாஜி கணேசன் சாக்ரடீஸாக நடித்தார். தோட்டத் திடலிலே வெண்திரை கட்டிப் படம் காட்டிய காலம் அது. அந்தி மயங்கியதும் பாயும் பலகையும் கொண்டுபோய் இடம்பிடித்து அமர்ந்த மக்களுக்குக் கிரேக்கம் எங்குள்ளது என்பது தெரியாது; ஆனால் நஞ்சருந்தும் அம்முதியவரின் அடுக்குமொழி செவியில் நின்றது. 1952இல் கோ. சாரங்கபாணி முயற்சியால் தொடங்கிய தமிழர் திருநாள் விழாக்களும், பின்வந்த மணிமன்றங்களும் பேச்சுப் போட்டியையும் நாடகத்தையும் சிற்றூர்வரை கொண்டு சென்றிருந்தன. போர்வையை மேலாடையாகப் போர்த்துப் பஞ்சைத் தாடியாக ஒட்டிய மாணவர் சாக்ரடீஸாக மேடையில் முழங்குவது அக்காலத்து விருப்பக் காட்சி. 1929இலும் 1954இலும் மலாயாவுக்கு வந்து சென்ற பெரியார் ஈ.வெ.ரா.வைத் ‘தென்கிழக்காசியாவின் சாக்ரடீஸ்’ என அன்பர் போற்றியதும் அவ்வுருவத்துக்கு வலிமை சேர்த்தது. தோட்டத் தமிழர் உள்ளத்தில் தன்மதிப்பை ஊன்றியதில் இம்மேடைக்கு உரிய பங்கை எவரும் குறைத்துக் கூறலாகாது. மண்டோருக்கும் கிராணிக்கும் வாய்பொத்தி நின்ற தலைமுறையின் பிள்ளை, பேரவையை எதிர்த்துப் பேசும் ஒருவனாக மேடையில் நிற்பது சிறு செய்தியன்று.

ஆயினும் இங்கேதான் பாதி விடுபட்டது. வரலாற்றுச் சாக்ரடீஸ் நீண்ட சொற்பொழிவுக்குப் பகைவர். ‘புரோட்டகோரஸ்’ என்னும் உரையாடலில், அப்பெயருடைய சோபிஸ்டு நெடுநேரம் முழங்கி அவையோரின் பாராட்டைப் பெற்றபோது, தாம் மறதிக்காரர் என்றும், நீண்ட பேச்சின் முடிவில் தொடக்கம் மறந்துவிடுகிறது என்றும், சிறு சிறு விடையாகக் கூறவேண்டும் என்றும் சாக்ரடீஸ் வேண்டுகிறார். இல்லையேல் எழுந்து போய்விடுவேன் என்று புறப்பட்டே விடுகிறார். தம் வாழ்வில் நீதிமன்றத்தில் மட்டுமே அவர் நெடிது பேசினார். அதுவும் சட்டம் அவ்வாறு கோரியதனால். எழுபது ஆண்டு வினவியவர் ஒருநாள் பேசினார். அந்த ஒருநாளை நாம் மனப்பாடம் செய்துகொண்டோம்.

தன்னைத் தான் அறிதல் வேண்டும் என்னும் பொருளுடைய தொடரும் அவருடையதாகவே நம்மிடம் வழங்குகிறது. அது டெல்பி நகரத்துக் கோயிலில் அவருக்கு முன்பே பொறிக்கப்பட்டிருந்தது. சாக்ரடீஸின் பங்கு அத்தொடரைப் பிறப்பித்தது அன்று. அதனை வினாவாக மாற்றியதே. அக்கோயிலின் அருள்வாக்கு, சாக்ரடீஸினும் அறிவுடையார் இலர் என்று அவர் நண்பர் கைரிபோனுக்குக் கூறிற்றாம். அதனை நம்பாத சாக்ரடீஸ் அரசியலாளர், கவிஞர், கைவினைஞர் என ஒவ்வொருவராகச் சென்று வினவினார். அறிவுடையவர் எனப் பெயர் பெற்றவர் தாம் அறியாததையும் அறிந்ததாக எண்ணியிருந்தனர். தம் அறியாமையைத் தாம் அறிந்திருப்பது ஒன்றே தமக்குள்ள மிகுதி என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

வினாவின் இலக்கணம் தமிழர்க்குப் புதிதன்று. நன்னூலில் பவணந்தி முனிவர் வினாவை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என ஆறாகப் பகுத்தார். வகுப்பறையில் நாம் இதனைச் சொல்லிக்கொடுக்கும்போது, ஆசிரியர் மாணவரை நோக்கி விடுப்பது அறிவினா என்றும், மாணவர் ஆசிரியரை நோக்கி விடுப்பது அறியாவினா என்றும் எடுத்துக்காட்டித் தேர்வுக்கு ஆயத்தம் செய்துவிட்டு அகன்றுவிடுகிறோம். சாக்ரடீஸின் வினா இவற்றுள் எது? அறியாமல் வினவுகிறேன் என்பது அவர் கூற்று. அறிந்துகொண்டே அறியாதவர்போல் நடிக்கிறார் என்பது எதிரிகள் குற்றச்சாட்டு. அறம் யாது, நட்பு யாது, துணிவு யாது என அவர் வினவியபோது முடிந்த விடை அவரிடமும் இல்லை. பல உரையாடல்கள் விடை காணாமலே முடிகின்றன. ஆசிரியர் விடுத்த வினாவாயினும் அவை அறியாவினாவே. விடைவகை எட்டனுள் ‘வினாவுக்கு எதிர் வினாதல்’ என்பதையும் பவணந்தியார் ஒரு விடையாகவே ஏற்றார் என்பது எண்ணி மகிழத்தக்கது. கிரேக்கத்தில் அதற்காகவே ஒருவர் கொல்லப்பட்டார்.

இலக்கியத்திலும் இம்மரபு உண்டு. மணிமேகலை வஞ்சி நகரில் பல்வேறு சமயக்கணக்கரைத் தனித்தனியே அணுகி அவரவர் திறத்தைக் கேட்டறிகிறாள். நீலகேசியோ பிற சமயத்தாரை வினாவினாலும் மறுப்பினாலும் மடக்கிச் செல்கிறாள். ஏதென்ஸில் பெண்டிர்க்கு அவையேறும் உரிமை இல்லை. தமிழ்க் காப்பியத்தில் வாது புரிபவர் பெண்டிர். இச்சிறப்பை நாம் வேண்டிய அளவு எடுத்துப் பேசியதில்லை. எனினும் ஒரு வேறுபாடும் உண்டு. நீலகேசி வெல்வதற்கு வாதிட்டாள். சாக்ரடீஸ் தாம் தோற்பதையும் ஆதாயமாகக் கருதினார்.

அவர் கற்பித்த முறையை ஆசிரியர்கள் நேரிற் காண விரும்பினால் பிளேட்டோவின் ‘மெனோ’ என்னும் உரையாடலைக் காணவேண்டும். தெசலி நாட்டுச் செல்வன் மெனோ ஏதென்ஸுக்கு வந்திருக்கிறான். அறிவு எவ்வாறு பிறக்கிறது என்பது பேச்சு. அவனுடன் வந்த அடிமைகளுள் ஒரு சிறுவனை அழைக்குமாறு சாக்ரடீஸ் கேட்கிறார். சிறுவன் வந்ததும் அவர் கேட்கும் முதல் வினா கணக்கைப் பற்றியதன்று. இவன் கிரேக்கம் பேசுவானா என்பதே. பேசுவான், என் வீட்டிலேயே பிறந்தவன் என்கிறான் மெனோ. கற்பித்தலின் முதற்படி பிள்ளையின் மொழியைக் கேட்டறிவதே என்பதற்கு இதனினும் பழைய சான்று தேடவேண்டுவதில்லை.

சாக்ரடீஸ் தரையில் ஒரு சதுரம் வரைகிறார். மணலில் விரலால் எழுதிப் பழகிய நம் திண்ணைப் பள்ளி இங்கே நினைவுக்கு வரலாம். சதுரத்தின் பக்கம் இரண்டு அடி; பரப்பு நான்கு சதுர அடி. இதைப்போல் இருமடங்கு பரப்புள்ள சதுரம் வேண்டும். அதன் பக்கம் எவ்வளவு? சிறுவன் தயங்காமல் விடை சொல்கிறான்: இருமடங்கு, அதாவது நான்கு அடி. தவறு என்று சாக்ரடீஸ் கூறவில்லை. நான்கடிச் சதுரத்தை வரைந்து, இதனுள் பழைய சதுரம் எத்தனை அடங்கும் என்கிறார். நான்கு அடங்கும், பரப்பு பதினாறு. வேண்டியதோ எட்டு. சிறுவன் யோசித்து, மூன்று அடி என்கிறான். மும்மூன்று ஒன்பது, அதுவும் பொருந்தவில்லை. இப்போது சிறுவன் தனக்குத் தெரியவில்லை என்கிறான்.

இவ்விடத்தில் சாக்ரடீஸ் பாடத்தை நிறுத்தி மெனோவின் பக்கம் திரும்புகிறார். சற்றுமுன் மெனோ, சாக்ரடீஸ் தொட்டவரை மரத்துப்போகச் செய்யும் மின்மீன் போன்றவர் என்று குறைகூறியிருந்தான். இச்சிறுவனை மரக்கச் செய்ததால் அவனுக்குத் தீங்கு செய்தோமா என்று சாக்ரடீஸ் வினவுகிறார். முன்பு அறியாமலே அறிந்ததாக எண்ணினான். இப்போது அறியாமையை உணர்ந்து தேட விரும்புகிறான். இனி, நான்கடிச் சதுரத்துக்குள் அடங்கிய நான்கு சிறு சதுரங்கள் ஒவ்வொன்றையும் மூலைக்கு மூலை ஒரு கோட்டால் பிளக்கிறார். ஒவ்வொன்றிலும் பாதி. நான்கு பாதிகள் சேர்ந்தால் நடுவே சாய்ந்து நிற்கும் ஒரு புதிய சதுரம். அதன் பரப்பு எவ்வளவு? எட்டு. எந்தக் கோட்டின்மேல் நிற்கிறது? இதன்மேல் என்று சிறுவன் மூலைவிட்டத்தைக் காட்டுகிறான்.

இறுதியில் சாக்ரடீஸ் கேட்பவை ஆம், இல்லை என்ற விடையையே வேண்டும் வினாக்கள். விடையை அவரே ஊட்டிவிட்டார் என்று குறை சொல்வோர் உண்டு. அக்குறையில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த இரண்டு தவறான விடைகளும் முழுக்க முழுக்கச் சிறுவனுடையவை. அவை தவறென்று கண்டதும் அவனே. தவறிய விடையைச் சிவப்பு மையால் அடித்துவிட்டுச் சரியான விடையைக் கரும்பலகையில் எழுதிப்போடும் ஆசிரியர் ஒரு நிமிடத்தில் முடித்துவிடும் பாடம் இது. சாக்ரடீஸ் அத்தவற்றைக் கடைசிவரை நிற்கவிட்டு, அதன்மேல் மாணவனையே நடக்கச் செய்தார். அறிவு முன்பிறவியிலேயே உயிருக்கு இருந்தது, கற்றல் என்பது நினைவுகூர்தலே என்று பிளேட்டோ இதிலிருந்து முடிவு காண்கிறார். ஒரு பிறவியில் கற்ற கல்வி வரும் பிறவிகளுக்கும் துணையாம் என்னும் குறள் நெறியை அறிந்த நமக்கு அது வியப்பளிக்காது. அம்முடிவை ஏற்காதவரும் பாடத்தை ஏற்கலாம்.

இனி, இவ்வளவு வினவிய சாக்ரடீஸ் வினவாமல் விட்டதொன்று உண்டு. இச்சிறுவன் ஏன் அடிமையாய் இருக்கிறான் என்று அவர் மெனோவைக் கேட்கவில்லை. வடிவக்கணக்கின் உண்மையைத் தானே கண்டறியும் அறிவு, எழுத்தறியா அடிமைக்கும் உண்டென்று மெய்ப்பித்தவர், அந்த மெய்ப்பிப்பின் மறுபொருளைக் கேளாமல் அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார். பிளேட்டோவிடம் பயின்ற அரிஸ்டாட்டில் ஒருபடி மேலே சென்று, சிலர் இயல்பிலேயே அடிமைகள் என்று தம் ‘அரசியல்’ நூலில் எழுதினார். இச்சிறுவனின் பாடம் எழுதப்பட்டிருந்தும் அவர் அவ்வாறு எழுதினார்.

தோட்டத்து வரலாறு அறிந்தவர் இதைப் படிக்கும்போது சற்று நின்றே செல்வர். மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிந்தது. கங்காணி முறை அதன்பின்னும் தொடர்ந்து, 1938இல் இந்திய அரசு கூலிகள் வருவதைத் தடுத்தபின் முடிவுற்றது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பதின்மர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி நடத்தும் கடமையைத் தோட்ட நிர்வாகத்தின்மேல் வைத்தது. அதன் பயனாகவே நெகிரி செம்பிலானிலும் தோட்டந்தோறும் தமிழ்ப்பள்ளிகள் எழுந்தன. ஆனால் பல பள்ளிகள் ஓர் அறைக் கொட்டகைகள். எழுதப் படிக்கத் தெரிந்த கிராணியோ கங்காணியோ ஆசிரியர். காலைப் பெரட்டு முடிந்து பெற்றோர் நிரைக்குச் சென்றபின் பிள்ளைகள் பள்ளிக்கு வருவர். சில ஆண்டு பயின்று, உளியும் வாளியும் தூக்கும் வயது வந்ததும் பால்மரத்துக்கே திரும்புவர். வாய்பாடும் ஆத்திசூடியும் கற்ற அப்பிள்ளைகளின் அறிவுக்கு எல்லை இருந்ததில்லை. அவர்கள் போகக்கூடிய வழிக்குத்தான் எல்லை இருந்தது. அவ்வழி ஏன் அங்கே முடிகிறது என்று அந்தப் பள்ளியில் வினவ இடமில்லை.

வினவியவரும் இருந்தனர். 1941இல், அண்டை மாநிலமான சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வோடு பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும், கள்ளுக்கடைகளை மூடவேண்டும், துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும் என்றும் கேட்டனர். மிதிவண்டியிலிருந்து ஏன் இறங்க வேண்டும் என்பது மிக எளிய வினா. அறம் யாது என்பதுபோல் நேர்மையான வினா. அரசாங்கம் படையை அனுப்பியது, தொழிலாளர் சுடப்பட்டு மாண்டனர், தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

‘மெனோ’ உரையாடலில் சிறுவனின் பெயரைப் பிளேட்டோ குறிக்கவில்லை. மூலைவிட்டத்தைக் கண்டபின் அவன் வாய்திறப்பதும் இல்லை. பேச்சு, நற்பண்பைக் கற்பிக்க இயலுமா என்பதற்கு மாறுகிறது. அப்போது ஏதென்ஸ் நகரத்துப் பெருமகன் ஒருவர் வந்து அருகே அமர்கிறார். மெனோ தங்கியிருப்பது அவர் இல்லத்தில்தான். சாக்ரடீஸ் அவரையும் வினவுகிறார். நகரத்துப் பெரியோர் தம் மக்களுக்கே தம் நற்பண்பைக் கற்பிக்க முடியாமற் போனது ஏன்? வந்தவருக்குச் சினம் மூள்கிறது. பிறரை எளிதில் குறைகூறுகிறாய். இந்நகரில் ஒருவனுக்குத் தீங்கு செய்வது எளிது, எச்சரிக்கையாய் இரு என்று அவர் சொல்கிறார். அவர் பெயர் அனிட்டஸ்.